வீட்டுப் பக்கத்து ஆந்தையைப் பார்ப்பதும் படம் எடுப்பதும்

சிங்கப்பூரில் ஆந்தை பார்க்க அடர்ந்த காட்டுக்குள் போகத் தேவையில்லை. புளோக்கை ஒட்டிப் பழைய மரங்கள் நிற்கும் பூங்கா ஒன்று இருந்தால் போதும். பகலில் மரப்பட்டை நிறத்திலேயே அசையாமல் உட்கார்ந்திருப்பதால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை. ஆந்தை கத்தினால் ஆகாது என்று ஜன்னலைச் சாத்தும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. நம் பேட்டையில் எலிகளைப் பிடித்துத் தின்னும் பறவைக்கு அந்தப் பழி வேண்டாம்.

1. எதைத் தேடுகிறோம்?

ஆரம்பத்துக்கு மூன்று வகை தெரிந்தால் போதும். ஸ்பாட்டட் வுட் அவுல் ஏறக்குறைய 45 செ.மீ. இருக்கும். கறுத்த கண்கள், ஆரஞ்சு கலந்த பழுப்பு முகம். தலையில் கொம்பு போன்ற இறகுகள் கிடையாது. பாசிர் ரிஸ் பூங்கா இதற்குப் பேர்போன இடம். பஃபி ஃபிஷ் அவுலுக்கு மஞ்சள் கண்களும் பக்கவாட்டில் சரிந்த காதிறகுகளும் உண்டு. மீன், தவளை தின்பதால் குளக்கரை மரங்களில் இருக்கும். சிலேத்தாரின் ஹேம்ஸ்டெட் ஈரநிலப் பூங்காவில் தேடிப் பாருங்கள். மூன்றாவது சுண்டா ஸ்காப்ஸ் அவுல். 20 செ.மீ.தான், மைனாவைவிடச் சற்றுச் சிறியது. வீட்டுக்கு மிக அருகில் குரல் கேட்க வாய்ப்புள்ளது இதற்குத்தான்.

2. முதலில் காதால் தேடுங்கள்

இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கு விடிந்து 7 மணிக்கு இருட்டுகிறது. அதனால் திட்டமிடுவது சுலபம். மாலை ஏழேகாலுக்குப் பூங்காவில் ஓர் ஓரமாக நின்று பேசாமல் கேளுங்கள். "வூப்?" என்று கடைசியில் லேசாக மேலே ஏறும் ஒற்றைக் குரல், சில வினாடி இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தால் அது ஸ்காப்ஸ் ஆந்தை. எந்தப் பக்கத்து மரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவே வேண்டாம். வேறோர் ஆந்தை தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக நினைத்து, இரை தேடும் நேரத்தை அது வீணாக்கும்.

3. பகலில் தடயம் பாருங்கள்

மேலே பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். ஒரே கிளைக்கு நேர்கீழே சுண்ணாம்பு கொட்டியதுபோல வெள்ளை எச்சம் படிந்திருக்கிறதா? பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கின்றனவா? அவை எச்சமல்ல, செரிக்காத முடியையும் எலும்பையும் ஆந்தை வாய்வழியே கக்கியவை. கை படாமல் ஒரு குச்சியால் பிரித்தால் எலியின் சின்னஞ்சிறு தாடை கிடைக்கும், ஆரஞ்சு நிற முன்பற்களோடு. அந்த ஆந்தை என்ன சாப்பிட்டது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு தடயம் மற்ற பறவைகளின் கூச்சல். மாங்குயிலும் தேன்சிட்டும் காகமும் ஒரே இலைக்கூட்டத்தைச் சுற்றிக் கத்தினால், உள்ளே ஆந்தையோ பாம்போ இருக்கலாம். தூங்குமூஞ்சி மரங்களில் வளரும் பறவைக்கூட்டுப் பெரணிகளையும் விடாதீர்கள். ஸ்பாட்டட் வுட் அவுல் அவற்றில் கூடு வைக்கும். 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) ஒன்று இருந்தால் நல்லது. கேமராவுக்கு முன்னால் அதைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

4. கண்ணைக் கவனியுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். பகலில் நிம்மதியாக இருக்கும் ஆந்தையின் கண்கள் மூடியிருக்கும், அல்லது வெறும் கீற்றாகத் தெரியும். நீங்கள் நெருங்க நெருங்க அவை விரிந்து உங்களையே பார்த்தால், அதன் தூக்கம் கெட்டுவிட்டது என்று பொருள். ஸ்காப்ஸ் ஆந்தை காதிறகுகளை விறைத்துக்கொண்டு, உடலை ஒடுக்கி, பட்ட கிளைபோல நீண்டு நிற்கும். உடனே பின்வாங்குங்கள். இரண்டு கண்ணும் அகல விரிந்து முறைக்கும் பகல் படத்துக்குத்தான் பாராட்டு குவிகிறது. எனக்கோ அரைக்கண் மூடிய படமே நல்ல படம்.

5. கேமரா

300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், டிரைபாட் இரண்டும் வேண்டும். ஆந்தை அசையாமல் உட்காரும் என்பதால் ஷட்டர் வேகம் 1/60 வினாடி வரை இறங்கலாம். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவு, 1600 முதல் 3200 வரை வைத்துப் பாருங்கள். ஒற்றைப் புள்ளி ஃபோக்கஸை வைத்துக் கண்ணில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ள சுள்ளிதான் தெளிவாக விழும். கிளைக்குப் பின்னால் வெள்ளை வானம் இருந்தால் பறவை கறுத்துப்போகும். படம் வெளிச்சமாக விழ, எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறதா? சுற்றி ஓடாதீர்கள், கைதட்டாதீர்கள். ஆந்தையால் கண்ணை உருட்டிப் பார்க்க முடியாது, அதனால் தலையையே ஏறக்குறைய 270 பாகை வரை திருப்பும். காத்திருந்தால் அதுவே திரும்பும்.

கேமரா இல்லாதவர்கள் பைனாகுலரின் ஒரு கண்ணில் போன் லென்ஸை ஒட்டிவைத்து எடுக்கலாம். கொஞ்சம் பழகினால் கை வந்துவிடும்.

6. செய்யக்கூடாதவை

படத்துக்காகத் தவளையோ மீனோ போட்டு ஆந்தையை வரவழைப்பது இங்கே சட்டப்படி குற்றம். வனவிலங்குக்கு உணவு தருவோருக்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம். குஞ்சு கீழ்க்கிளையிலோ தரையிலோ இருந்தால் தூக்காதீர்கள். நன்றாகப் பறக்கத் தெரியும் முன்பே அவை கூட்டைவிட்டு வெளியேறும். தாய் தந்தை பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். காயம்பட்டிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 எண்ணில் அழையுங்கள்.

கூடு இருக்கும் மரம் எது என்று வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம். படத்தை அனுப்பும்போது போன் பதிந்துவைக்கும் இடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். குஞ்சுகள் பறந்துபோன பிறகு தாராளமாகச் சொல்லலாம்.