கடலில் இறங்கும் ஹெலிகாப்டர்: உயிரைப் பறிக்கும் அவசரங்கள்

ஜூஹூ கடற்கரையில் நிற்பவர்களுக்குத் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போவது புதிதல்ல. மும்பை ஹை எண்ணெய் வயல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர்கள் பக்கத்து விமானத்தளத்தில் இருந்துதான் கிளம்புகின்றன. மாட்டுங்கா, செம்பூர் பக்கத்திலிருந்து ரிக் (கடலில் எண்ணெய்க்கிணறு தோண்டும் மேடை) வேலைக்குப் போகும் தமிழர்களும் உண்டு. அதனால் இன்ஜின் நின்றுபோன சின்ன ஹெலிகாப்டர் ஒன்று தண்ணீரில் இறங்கும் வீடியோ வாட்ஸப்பில் வந்துவிட்டால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. “இன்னும் கொஞ்சம் இழுத்துக் கரைக்கே கொண்டுவந்திருக்கலாமே!” என்பதுதான் பெரும்பாலும் முதல் தீர்ப்பு.

பைலட்டுகள் பார்ப்பது வேறு. இன்ஜின் நின்றதும் ஓட்டியவர் கலெக்டிவை எவ்வளவு சீக்கிரம் இறக்கினார் என்றுதான் முதலில் கேட்பார்கள். இடது கையில் இருக்கும் அந்த நெம்புகோலை இறக்கிவிட்டால், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே ரோட்டரை, அதாவது தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளை, சுழற்றிக்கொண்டிருக்கும். ராபின்சன் ஆர்22 போன்ற குட்டி ஹெலிகாப்டரில் ரோட்டர் எடை குறைவு. ஓரிரு நொடி திகைத்தாலே சுழற்சி மீட்க முடியாத அளவுக்கு விழுந்துவிடும். என்ன கோளாறு என்று மீட்டர்களைப் பார்ப்பதும் ரேடியோவில் பேசுவதும் அதற்கு அப்புறம்தான்.

சரி, கரைக்கு இழுத்தால் என்ன? 500 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால் இருப்பது ஏறக்குறைய இருபது நொடி. போக முடிகிற தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு மேல் இழுக்கப் பார்த்தால் வேகமும் ரோட்டர் சுழற்சியும் வடிந்துவிடும். கடைசியில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, மிச்சச் சுழற்சியை வைத்து மெல்ல இறக்க வேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. அதோடு, ஞாயிறு மாலை ஜூஹூ மணலில் கால் வைக்க இடம் உண்டா? ஆள் இல்லாத தண்ணீரில் இறக்கியவரைக் கோழை என்று சொல்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

அலையே இல்லாத தண்ணீர் சுலபம் என்று நினைப்பதும் தப்புக்கணக்கு. கண்ணாடி மாதிரிக் கிடக்கும் பரப்பில் உயரம் பிடிபடாது. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் வால்தான் முதலில் தண்ணீரில் அடிபடும்.

ஹெலிகாப்டரின் இரு பக்கமும் காற்றடைத்து விரியும் மிதவையை நம்பி உட்கார்ந்துவிடுவது இன்னொரு வினை. இன்ஜின், கியர்பாக்ஸ், ரோட்டர் என்று கனமான எல்லாமே மேலே இருப்பதால் ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழத்தான் பார்க்கும். மிதவை கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். மும்பை ஹையில் 2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் ரிக் அருகே கடலில் இறங்கிய ஹெலிகாப்டரிலும் மிதவை இருந்தது. 9 பேரில் 4 பேர் பிழைக்கவில்லை. 2018 மார்ச்சில் நியூயார்க் ஈஸ்ட் ரிவரில் நடந்தது இதைவிடக் கொடுமை. கதவைத் திறந்து வைத்துப் படம் எடுக்கும் சவாரி அது. முன்சீட்டுப் பயணியின் பாதுகாப்புக் கயிறு தரையில் இருந்த எரிபொருளை நிறுத்தும் நெம்புகோலில் சிக்கி இன்ஜின் நின்றது. மிதவைகள் இரு பக்கமும் சமமாக விரியாமல், இறங்கிய சில நொடிகளில் கவிழ்ந்தது. பைலட் தப்பினார். முதுகுப்புறம் மாட்டியிருந்த கயிற்றைக் கழற்ற முடியாமல் பயணிகள் ஐந்து பேரும் மூழ்கினார்கள்.

பயணிகள் செய்யும் தவறுகளில் பெரியது, தண்ணீர் பட்டதும் சீட் பெல்ட்டைக் கழற்றுவது. தலைகீழாகும்போது உங்களை ஓரிடத்தில் பிடித்து வைப்பது அந்த பெல்ட் மட்டும்தான். கழற்றிவிட்டால் இருட்டில், குமிழிகளுக்கு நடுவே, மேல் எது கீழ் எது என்றே தெரியாது. ஒரு கை பெல்ட் கொக்கியில், இன்னொரு கை கதவிலோ ஜன்னல் விளிம்பிலோ இருக்கட்டும். ஆட்டம் நின்ற பிறகு, முதலில் வழியைத் திறந்து, அப்புறம் பெல்ட்டைக் கழற்றி, விளிம்பைப் பிடித்த கையை விடாமல் உடம்பை வெளியே இழுக்க வேண்டும். ரிக் போகிறவர்களுக்கு நீச்சல்குளத்தில் கூண்டைக் கவிழ்த்துப் பயிற்சி தருவது இதற்காகத்தான். கதவு உள்ளே நீர் நிறையும்வரை அசையாமல் அடம்பிடிக்கலாம். அதனால்தான் நேரம் இருந்தால், தண்ணீரைத் தொடும் முன்பே கதவின் தாழை விடுவிக்கச் சொல்கிறது ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரின் கையேடு.

லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிக்கொள்வது அடுத்தது. கவிழ்ந்த கூட்டுக்குள் அது உங்களை, இப்போது மேலே இருக்கும் தரைப்பக்கமாகத் தூக்கி ஒட்டவைத்துவிடும். முக்குளித்து வாசலுக்கு வர முடியாது. 1996-இல் கொமோரோஸ் அருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் இப்படித்தான் சிக்கினார்கள். வெளியே வந்ததும், ரோட்டர் எட்டாத இடத்தில், ஜாக்கெட்டை ஊதவைக்கும் கயிற்றை இழுங்கள்.

கழுத்தில் தொங்கும் கேமரா வார், மடியில் கிடக்கும் பை இதெல்லாம் வேண்டாம். ஏறும்போதே கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.