அணு உலைச் செய்தி வந்தால் எதைப் பார்ப்பது?

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எங்கேயாவது பூமியதிர்ச்சி என்றால் போதும், "சேர், கூடங்குளம்?" என்று வாட்சப்பில் கேள்வி வந்துவிடும். தமிழ்நாட்டிலுள்ள அந்த அணுமின் நிலையம் கொழும்பிலிருந்து சுமார் 270 கிலோமீற்றர்தானே.

சரி, முதலில் பயன்படுத்திய எரிபொருள் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதா, உலர் கொள்கலனிலா (தண்ணீரும் பம்பியும் இல்லாமல் காற்றிலேயே ஆறும் கனத்த கலன்) என்று பாருங்கள். தொட்டி என்றால் தேடவேண்டியது நீர்மட்டம். உலையிலிருந்து வெளியே எடுத்தாலும் எரிபொருளின் வெப்பம் உடனே அடங்காது. குளிரூட்டும் பம்பிக்கு மின்சாரம் நின்றால் தண்ணீர் சூடாகி வற்றத் தொடங்கும். ஆனால் அதற்குப் பொதுவாக நாட்கணக்கு ஆகும், ஆகவே 'மின்சாரம் துண்டிப்பு' என்ற தலைப்பைக் கண்டதும் பதறாதீர்கள். 2011இல் ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது 4ஆம் அலகின் (உலையின்) தொட்டி வற்றிவிட்டதென்றே பலர் பயந்தார்கள். வற்றவில்லை. கொங்கிறீற் பம்பி லொறியின் நீண்ட குழாயால் தண்ணீர் விட்டார்கள். 2014 டிசம்பருக்குள் எரிபொருள் முழுவதையும் அப்புறப்படுத்தினார்கள்.

உலர் கொள்கலன் என்றால் எனக்குக் கவலை குறைவு. அதே 2011 ஆகஸ்டில், அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் நோர்த் அன்னா அணுமின் நிலையத்தில், பூமியதிர்ச்சியால் 100 தொன்னுக்கு மேற்பட்ட கொள்கலன்கள் சில சென்ரிமீற்றர் நகர்ந்தன, உடையவில்லை.

அப்புறம், கதிர்வீச்சு எண் வந்தால் அலகைப் பாருங்கள்: மைக்ரோசீவேர்ட்டா, மில்லிசீவேர்ட்டா (சீவேர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு)? ஆயிரம் மடங்கு வித்தியாசம். மணித்தியாலத்துக்கா வருடத்துக்கா என்று எழுதாத செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.