சிறுத்தை வாசலுக்கு வராமலிருக்க

வால்பாறை, கூடலூர் போன்ற மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, சிறுத்தை குடியிருப்புக்குள் நுழைவது பெரும்பாலும் நாய், ஆடு, கோழி ஆகியவற்றைத் தேடித்தான் என்பதாகும். எனவே அதனை விரட்டும் வழியைவிட, இருட்டிய பின் அதற்கு இரை கிடைக்காமல் செய்யும் வழியையே நாட வேண்டும்.

காவலுக்கென்று இரவில் வாசலில் சங்கிலியால் கட்டப்படும் நாய், ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் முதலில் பலியாகிறது. அந்தி சாயும் முன்பே அதை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதுதான் முறை. ஆட்டுக் கொட்டிலுக்குச் சுவர் மட்டும் போதாது. சிறுத்தை மரமேறும் விலங்கு என்பதால், மேற்கூரையும் உறுதியாக இருக்க வேண்டும். சன்னல், கூரை இடைவெளி ஆகியவற்றைப் பற்றவைத்த தடித்த கம்பிவலையால் அடைத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். கோழி வெளியேறாமல் தடுக்கும் மெல்லிய வலை சிறுத்தையின் நகத்துக்குத் தாங்காது.

இறைச்சிக் கழிவைத் தெருவோரம் கொட்டினால் தெருநாய்கள் கூடும். நாய்கள் கூடுமிடத்துக்குச் சிறுத்தையும் வரும். ஆகவே கழிவை ஆழமாகக் குழிதோண்டிப் புதைப்பது அவசியம். வீட்டைச் சுற்றிலும் கழிப்பறைக்குச் செல்லும் பாதையிலும் மண்டியிருக்கும் உண்ணிச்செடிப் புதர்களை வெட்டிவிட வேண்டும், ஏனெனில் பதுங்கியிருந்து பாயும் விலங்குக்கு மறைவிடமே பலம். விளக்கு நல்லதுதான்; ஆனால் அது சிறுத்தையை அஞ்ச வைப்பதைவிட நமக்கு வழியைக் காட்டவே அதிகம் உதவுகிறது. பட்டாசும் அப்படியே, சில நாள்களில் பழகிப்போகும். இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே வெளியே அனுப்பக் கூடாது.

எதிர்ப்பட்டுவிட்டால் ஓடாமலும் குனியாமலும் நிமிர்ந்து நின்று, குழந்தையிருந்தால் தூக்கிக்கொண்டு, முகத்தை அதன் பக்கமே வைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். கூட்டமாகச் சூழ்ந்து அதன் வழியை மறித்தால், ஒதுங்கிப் போகவிருந்த விலங்கும் தாக்கும்.

நஞ்சு, சுருக்குக் கண்ணி, மின்வேலி ஆகியவற்றால் சிறுத்தையைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டு வைத்துப் பிடிப்பதும் நிரந்தரத் தீர்வாகாது. காலியான இடத்துக்கு மற்றொரு சிறுத்தை வந்துவிடும். கொழுந்து பறிக்கும்போது செடிகளுக்கிடையே குட்டிகள் தென்பட்டால், தொடாமல் அங்கிருந்து விலகி, வனத்துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும்; ஆளரவம் அடங்கிய பின், பெரும்பாலும் இரவில், தாய் வந்து அவற்றைத் தூக்கிச் சென்றுவிடும்.