போர்வெல் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்

உலகில் ஏறத்தாழ 210 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2025-இல் கணக்கிட்டுள்ளன. வீட்டிலேயே, வேண்டும்போதெல்லாம், கிருமியும் நச்சுப்பொருளும் கலவாமல் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களது அளவுகோல். ஆகவே அவிநாசியிலோ காங்கேயத்திலோ தோட்டத்தில் ஆயிரம் அடி போர் (ஆழ்துளைக் கிணறு) ஓடுகிறது என்பதால் மட்டும் ஒரு குடும்பம் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடாது.

முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்பி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

அறிக்கையில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமையோ, ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையோ தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்க அறவே கூடாது. நாக்கு உப்பைக் காட்டிக்கொடுக்கும், இவ்விரண்டையும் காட்டிக்கொடுக்காது. காய்ச்சினால் நீர் வற்றி இவற்றின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவியோ, ஆற்றுத் தண்ணீர்க் குழாயோதான் வழி. நொய்யல் ஆற்றின் கரையோரம் சாயக்கழிவு இறங்கிய நிலத்துக் கிணறுகளுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் போதாது என்பதே என் உறுதியான கருத்து.

கிருமி மட்டும் இருந்தால் கவலை குறைவு. குடிக்கும் அளவுக்கு, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். தொட்டி முழுவதற்கும் என்றால், ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் முதலில் குழைத்து, பிறகு நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரமாவது கழித்தே குழாயைத் திறக்க வேண்டும். மூட்டை பிரிந்து காற்றுப்பட்டுக் கிடந்த பவுடரில் குளோரின் பறந்துவிட்டிருக்கும். அதைப் போட்டும் பயனில்லை.

ஊராட்சித் தண்ணீர் குடிப்பவர்கள், தொட்டி இயக்குபவரிடம் கேட்டு, தெருக்கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதிக்கச் செய்யலாம். இல்லையெனில் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் போர் தண்ணீரை மறுபடி சோதிக்கக் கொடுக்க வேண்டும்.