அழகான உணவகத்துக்குப் பசியோடு போகாதீர்கள்

பினாங்கு ஜோர்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து, பூப்போட்ட தரையும் பளிங்கு மேசையுமாக உணவகம் திறந்தால் போதும், கோலாலம்பூரிலிருந்து வரும் நம் சொந்தக்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கேதான் முன்பதிவு செய்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். இப்போது ஊர் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுவதால், ஆள் மாற்றி ஆள் அதையே செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படம் எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

வயிறு நிறைய அங்கேயே சாப்பிட நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். பெரியப்பாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கு அண்ணன் ஒரு கடைவீட்டு உணவகத்தில் தலைக்கு இவ்வளவு என்று செட் மெனு பேசி, முன்பணமும் கட்டிவிட்டார். சாப்பாட்டை ஒருவரும் ருசி பார்க்கவில்லை, பார்த்ததெல்லாம் வீட்டைத்தான். நடுவே வானம் தெரியும் முற்றம், செதுக்கிய மரக்கதவு, சுவரில் யார் வீட்டு முன்னோர்களோ, அழகுக்கு ஒரு குறையுமில்லை. காரி கப்பித்தான் என்கிற கோழிக்குழம்பு வந்தது, தேங்காய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் நாக்கில் படவில்லை. பெரியப்பா கோழியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஏம்பா, சம்பல் இருக்குமா?" என்று கேட்டார். பரிமாறிய தம்பி பாட்டில் சில்லி சாஸ் கொண்டுவந்து வைத்தான். பில்லைக் கட்டிய கையோடு மொத்தக் குடும்பமும் நாசி கண்டார் (சோறும் விதவிதமான குழம்புகளும்) கடை வரிசையில் போய் நின்றோம், பிறந்தநாள்காரர் உட்பட.

சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, 2000 பிறந்ததும் அதன் கடைசிப் பாதுகாப்பும் போனது. 2008-இல் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அப்புறம் அந்த வீடுகளுக்கு வந்த கிராக்கியைச் சொல்லவா வேண்டும்? நீங்கள் கொடுக்கும் காசு முதலில் போவது சுவருக்கும் கூரைக்கும்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) தள்ளுவண்டிக்காரர் காலமெல்லாம் அந்த ஒரே பண்டத்தைக் கிண்டுகிறவர். இங்கேயோ லக்சா, பாஸ்தா, நாசி லெமாக் எல்லாம் ஒரே மெனுவில், எதிலும் கை படிந்திருக்காது.

அதனால் மாலை நாலு மணிவாக்கில் போங்கள். ஜாதிக்காய் ஜூஸ் ஒன்று, கொறிக்கப் பை டீ (காய்கறி அடைத்த மொறுமொறு கிண்ணம்), வேண்டுமானால் கேக். முற்றத்தில் மழை கொட்டினால் இன்னும் விசேஷம். ஆற அமர உட்கார்ந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, அப்புறம் பசியெடுத்ததும் வெளியே வந்து சாப்பிடுங்கள். பிறந்தநாள் என்றால் கேக்கை மட்டும் அங்கே வெட்டுங்கள். முன்பணம் கேட்கும் செட் மெனு பக்கமே போகாதீர்கள்.

பிளஸ் பிளஸ்

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று சேவைக் கட்டணம், வழக்கமாக 10 விழுக்காடு, அது கடைக்குப் போவது. மற்றது அரசாங்கத்தின் சேவை வரி. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக ஏறியபோதும் உணவுக்கு 6-இலேயே நின்றது. ஆக, மெனுவில் 100 ரிங்கிட் என்றால் கையிலிருந்து போவது 116. இதற்கு மேல் டிப்ஸ் வைப்பது உங்கள் இஷ்டம், நான் வைப்பதில்லை.

"சைவம் இருக்கா?" என்று மட்டும் கேட்பது

புரட்டாசியில் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். இறைச்சி இல்லாவிட்டால் சைவம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். இந்த உணவகங்களில் கிடைக்கும் ஞோஞா (சீன-மலாய்க் கலப்பு) சமையலில் காய்கறியிலேயே பெலாச்சானும் (இறால் விழுது) காய்ந்த இறாலும் பெரும்பாலும் இருக்கும், கெராபு சாலட்டிலும்கூட. பெலாச்சான், இறால், சிப்பி சாஸ் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் தண்ணி மட்டும் குடியுங்கள்.

மாடி மேசை

முட்டிவலிக்காரர்கள் கூட வந்தால் கீழேயே கேளுங்கள், அந்த மரப்படிகள் செங்குத்து.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

சில கிழமைகளில் கடை மூடியிருக்கும், முதலில் ஒரு போன் போடுங்கள்.