குத்துப்பைக்கு முகம் வரையாதீர்கள்

போன வாரம் கராத்தே தொடக்க வகுப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், பெரிய குழு ஒன்றை நிர்வகிப்பவர். கையுறையை மாட்டிய கையோடு குத்துப்பையை வெளுக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பு. பக்கத்தில் போனபோது காதில் விழுந்தது ஒரு பெயர், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவருடையது. "மனசுல இருக்கறதை எல்லாம் இங்க கொட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேன் மாஸ்டர்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் என் மாஸ்டரிடம் சொன்னேன். அன்றைக்கு என்னை யாரும் தடுக்கவில்லை.

கட்டைவிரலை உள்ளே மடக்குவது, குதிகால் தூக்குவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு, டென்ஷன் குறைய வேண்டும் என்று கராத்தேக்கோ ஜூடோவுக்கோ வருபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கோபத்தைக் குத்துப்பையில் இறக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் அடங்குவதில்லை. செய்யும்போது இது தவறு என்றே தெரியாது. இருபது நிமிடம் வெறிகொண்டு குத்திவிட்டு நின்றால் கை ஓய்ந்திருக்கும், வியர்வை கொட்டும், மனசு லேசானது போலிருக்கும். அது வெறும் களைப்பு. மறுநாள் காலை அதே ஆளைப் பார்த்ததும் கோபம் முன்பைவிட வேகமாக எழுந்து வரும்.

பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்களை வைத்து இதை நேரடியாகவே சோதித்தார். முதலில் அவர்களைக் கோபப்படுத்தினார்கள். பிறகு ஒரு பிரிவினர், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று எண்ணிக் குத்தினார்கள். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான். ஆத்திரத்தைக் காட்ட வாய்ப்பு கொடுத்தபோது மிகக் குறைவாகக் காட்டியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. ஒரே குத்தை ஆயிரம் தடவை போட்டுப் பழகுவது, யோசிக்காமல் அது தானாக வர வேண்டும் என்றுதானே? ஒரு முகத்தை நினைத்து ஆயிரம் தடவை குத்தினால், அந்த முகம் எதிரே வரும்போது உடம்பு வேறென்ன செய்யும்?

நான் எட்டு மாதம் அப்படிக் குத்தினேன். ஒரு நாள் கூட்டத்தில் என் குழு இளைஞர் ஒருவர், "ஒரு சின்னப் பிரச்சினை சார்" என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் என் தோள் இரண்டும் ஏறிவிட்டன, மேசைமேல் இருந்த வலது கை முஷ்டியாக மூடிக்கொண்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். "ஒண்ணுமில்ல சார், நானே பாத்துக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்தச் சின்னப் பிரச்சினை வாடிக்கையாளர் வாயால் எனக்குத் தெரிந்தது. ஒப்பந்தம் போயிற்று. அதன்பிறகு அந்த இளைஞர் எந்தக் கெட்ட செய்தியையும் என்னிடம் நேரில் கொண்டுவரவே இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

குத்தும்போது முகம் வந்தால் நிறுத்துங்கள். பை ஆடி அடங்கும்வரை நில்லுங்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முஷ்டியின் முதல் இரண்டு விரல் முட்டிகள் மட்டும் படுகின்றனவா, மணிக்கட்டு மடங்காமல் இருக்கிறதா என்று. 3 நிமிடம் குத்து, 1 நிமிடம் ஓய்வு. கடைசிப் பத்து நிமிடம் தெரிந்த கட்டா (வரிசையாகச் செய்யும் கராத்தே அசைவுகளின் தொகுப்பு) ஒன்றை மிக மெதுவாக, மூச்சோடு சேர்த்துச் செய்யுங்கள். படபடப்பு இறங்குவது அங்கேதான். புதியவரிடம் இதைச் சொன்னேன். முதல் சுற்றிலேயே நான்கு முறை நிறுத்தினார். இரண்டாம் சுற்றில் முணுமுணுப்பு இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிப்பது

அடி விழும்போது மூச்சு வெளியே போக வேண்டும். கியாய் எனப்படும் கத்தலைப் போட வைப்பதும் இதற்குத்தான். அடக்கிக்கொண்டு அடித்தால் ரத்த அழுத்தம் எகிறும். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர்கள் அதை மாஸ்டரிடம் மறைக்கவே கூடாது. உடம்பு இறுக வேண்டியதும் அடி விழும் அந்தக் கணம் மட்டும்தான். கராத்தேயில் அதைக் கிமே என்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் தளர்வாக இருக்க வேண்டும். முழு நேரமும் விறைத்து நிற்பவரின் குத்து எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். சிக்கலான மின்னஞ்சலைத் திறக்கும்போது உங்கள் மூச்சு என்ன ஆகிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

தட்டிய பிறகும் பிடியை விடாமல் இருப்பது

ஜிகோரோ கானோ 1882-ல் தொடங்கிய ஜூடோவில், பிடியில் சிக்கியவர் 'போதும், விடு' என்பதற்கு அடையாளமாகக் கையால் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அதிகாரத்தில் இருந்து பழகியவர்கள் அரை நொடி தாமதிக்கிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த அரை நொடியில் ஒருவரின் முழங்கை போய்விடும். வேலையிடத்தில் யாரும் கையால் தட்ட மாட்டார்கள். "முயற்சி பண்றேன் சார்" என்பார்கள், குரல் இறங்கியிருக்கும். அதுவும் தட்டல்தான். அங்கேயே நிறுத்தி, "எது முடியாது, சொல்லுங்க" என்று கேளுங்கள்.

பெல்ட்டின் தோரணையை அலுவலகத்தில் காட்டுவது

வேண்டாம்.

தூக்கத்தை வெட்டிவிட்டு அதிகாலைப் பயிற்சி

தூங்குங்கள். நாளைக்கு வாருங்கள்.

கசப்பான கூட்டம் முடிந்த கையோடு ஸ்பாரிங்

ஸ்பாரிங் என்பது இன்னொருவரோடு மோதிப் பழகுவது. அன்றைக்கு எதிரே நிற்பவர் உங்களைவிடச் சிறியவராகவோ புதியவராகவோ இருந்தால் அடி கட்டாயம் அளவு மீறும். "இன்னைக்கு ஸ்பாரிங் வேண்டாம் மாஸ்டர், கட்டா மட்டும் பண்றேன்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இதுவரை அப்படிக் கேட்ட யாரிடமும் நான் காரணம் கேட்டதில்லை.