118-க்குக் கீழே நின்றுவிட்டால்: தொங்கு சட்டமன்றத்தில் கட்சி செய்ய வேண்டிய வேலைகள்

வாக்கு எண்ணி முடித்த மாலை தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் சரவெடி வெடிக்கும். கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லையென்றால், ஜெயித்தவரைத் திறந்த ஜீப்பில் ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்ற விடாதீர்கள். தேர்தல் நடத்தும் அலுவலர் தரும் படிவம் 22, அதாவது வெற்றிச் சான்றிதழ், கைக்கு வந்ததும் அவர் கட்சித் தலைமையகத்தில் இருக்க வேண்டும். நன்றி ஊர்வலம் நாலு நாள் கழித்துப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் கணக்கு. 234-ல் 118 என்பது எல்லாருக்கும் தெரியும். பலர் மறப்பது சபாநாயகரை. அவருக்கு முதலில் ஓட்டு இல்லை, சமநிலை வந்தால் மட்டுமே உண்டு. உங்களிடம் 118, எதிரே 116 என்று வையுங்கள். சபாநாயகர் உங்கள் ஆள் என்றால் அவையில் 117-க்கு 116. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் 116-116, சபாநாயகர் ஓட்டால் தப்பிக்கலாம். இரண்டு பேர் வராவிட்டால் ஆட்சி போய்விடும். இரு பக்கமும் 117 என்றால் சபாநாயகர் நாற்காலியை எடுத்துக்கொள்கிற பக்கம்தான் தோற்கும். தற்காலிக சபாநாயகருக்கும் இதே விதி. ஆகவே 118 கிடைத்ததும் நிறுத்திவிடாமல் 121, 122 வரை தேடுங்கள். இரண்டு தொகுதியில் ஜெயித்தவர் 14 நாளில் ஒன்றை விட்டாக வேண்டும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆளுநரிடம் கொடுக்கும் ஆதரவுக் கடிதம். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். 2017-ல் கோவாவில் 40 இடத்தில் காங்கிரஸுக்கு 17, பா.ஜ.க.வுக்கு 13. பெரிய கட்சி தாமதிக்க, சின்னக் கட்சி கூட்டாளிகளின் கடிதத்தோடு ஆளுநர் முன் நின்றது. பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போன காங்கிரஸிடம், ஆதரவு எண்ணிக்கையைக் காட்டும் பிரமாணப் பத்திரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். அதனால் அன்றிரவே சட்டமன்றக் கட்சிக் கூட்டம் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, தீர்மானத்தில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கூட்டணிக் கட்சியிடமும் தலைவர் கடிதம் மட்டும் போதாது, தனித்தனிக் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் யாரை முதலமைச்சராக ஆதரிக்கிறோம் என்ற வாசகமும் தேதியும் இருக்கட்டும். 2019-ல் மகாராஷ்டிராவில் விடிகாலைப் பதவியேற்புக்குக் காட்டிய தேசியவாத காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களின் கையெழுத்துப் பட்டியல், வேறு காரியத்துக்கு வாங்கியது என்று அந்தக் கட்சியே சொன்னது. நாலாம் நாள் முதல்வர் ராஜினாமா. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும் கொடுப்பதும் வேண்டாம்.

தொகுதிப் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். நாம் வாய்க்கு வாய் ஆர்.கே. நகர் என்போம். ஆணையத்தின் பட்டியலில் அது 11, டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர். இதில் ஒரு குழப்பம் வந்தால் கிண்டி ஆளுநர் மாளிகையில் அரை நாள் போகும்.

ஆளுநர் யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதற்கு மத்திய-மாநில உறவை ஆராய்ந்து 1988-ல் வந்த சர்க்காரியா ஆணைய அறிக்கை ஒரு வரிசை சொல்கிறது: தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணி, பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, பின்னால் சேர்ந்து எல்லாரும் மந்திரிசபையில் அமரும் கூட்டணி, கடைசியாகச் சிலர் வெளியிலிருந்து ஆதரிக்கும் அணி. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்பது பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் தந்த தீர்ப்பு. ஆளுநர் நீண்ட அவகாசம் கொடுத்தால் நீதிமன்றம் போகலாம். 2018-ல் கர்நாடகத்தில் 15 நாள் என்றிருந்ததை உச்ச நீதிமன்றம் மறுநாளுக்கே இழுத்து வந்தது.

பதவிப் பேரத்தில் ஒரு எல்லை உண்டு. மந்திரிசபை மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நமக்கு முதல்வரையும் சேர்த்து 35. யார் யாருக்கு என்ன சொன்னோம் என்று கூட்டிப் பார்க்காமல் வாக்குக் கொடுத்தால் நாற்பதைத் தாண்டும், ஆறாம் மாதம் அதிருப்தி அணி பிறக்கும். மந்திரிப் பதவியே இல்லாத வெளி ஆதரவும் நிலைக்கும். 2006-ல் தி.மு.க.வுக்கு 96 தான், காங்கிரஸின் 34 பேர் வெளியில் நின்றார்கள், ஆட்சி ஐந்து வருடமும் ஓடியது. சென்னையில் கொடுத்த ஆதரவை, தி.மு.க.வும் பங்கேற்ற டில்லி ஆட்சியில் காங்கிரஸ் திருப்பி வாங்கிக்கொள்ள அன்று வழி இருந்ததுதான் காரணம் என்பது எங்கள் கணிப்பு. அப்படிப் பரஸ்பரப் பிடி இல்லாத ஆதரவை நம்பாதீர்கள். 1999-ல் அ.தி.மு.க. கையை விட்டதும் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது.

சுயேச்சைகள் விஷயத்தில் கவனம். ஆர்.கே. நகரே 2017 டிசம்பரில் சுயேச்சையை ஜெயிக்க வைத்த தொகுதி. சுயேச்சை உங்களை ஆதரிக்கலாம், உங்கள் கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். பாசமாகக் கட்சித் துண்டைப் போர்த்தி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அதுவே எதிரணிக்குச் சாட்சி. ஹரியானா சுயேச்சைகள் தகுதியிழந்த வழக்கில், டி.வி. பேட்டியை ஆதாரமாக எடுத்ததை 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சால்வை போடுங்கள், வெள்ளையாக.

ரிசார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2017-ல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூருக்குப் பிறகு அந்தச் சொல்லே கெட்டபெயராகிவிட்டது. கடிதமும் ஒப்பந்தமும் கெட்டியாக இருந்தால் ஆட்களைப் பூட்டி வைக்கத் தேவை வராது.

வாக்கெடுப்பு நாளுக்கு முன், கொறடா (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உறுப்பினர்களுக்குக் கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) யார் என்ற கடிதம் கட்சித் தலைமையிடமிருந்தே பேரவைச் செயலாளருக்குப் போயிருக்க வேண்டும். கொறடாவை நியமிப்பது அரசியல் கட்சிதான், சட்டமன்றக் கட்சி அல்ல என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு. உத்தரவை ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதவிப் பிரமாணம் எடுக்காதவர் ஓட்டுப் போட்டால் நாளுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது, ஆகவே பிரமாணத்துக்கு யாரும் விடுபட்டார்களா என்று முதல் நாளே பாருங்கள். கொறடாவை மீறியவரை 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் அவர் பதவி தப்பும். மன்னிப்பதில்லை என்றால், ஒப்புகைச் சீட்டை இணைத்துச் சபாநாயகரிடம் மனுக் கொடுங்கள்.